பேரரசரின் கடலோர இல்லம்

குரோஷியாவின் ஸ்பிலிட் நகரில் விடுமுறைக்குக் கடலோர வீடு வாடகைக்கு எடுத்தால், அது ஓர் அரண்மனைக்குள்ளேயே அமையக்கூடும்!

கி.பி. 305இல் பதவி துறந்த ரோமப் பேரரசர் டயோக்கிளீசியன், ஓய்வுக்காலத்தைக் கழிக்க எழுப்பிய மாளிகை அது. அதன் தென்சுவரை அன்று கடலலைகள் தொட்டன. 7ஆம் நூற்றாண்டில் அருகிலிருந்த சலோனா நகரம் வீழ்ந்தது. உயிர் தப்பியோர் அம்மதில்களுக்குள் புகலடைந்தனர். மண்டபங்கள் வீடுகளாயின, பேரரசரின் கல்லறையே தேவாலயமாயிற்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியிருந்ததால் மாளிகையும் நிலைத்தது. 1979இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

இன்று அங்குள்ள வீடுகள் பல சுற்றுப்பயணிகளின் தங்குமிடங்களாகிவிட்டன. நிலையாக வாழும் குடும்பங்களோ குறைந்துவிட்டன. கல்லைக் காத்தது மக்களின் வாழ்க்கையே. அவர்கள் வெளியேறிய பின் எஞ்சுவது நகரமா, காட்சிப்பொருளா? ஆசிரிய நண்பர்களே, இவ்வினாவை வகுப்பறையில் மாணவர்முன் வைப்போம்.