தலைநகரில் ஒரு குடும்ப வைத்தியர்

வீடு அமைந்து, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, புழுங்கலரிசி கிடைக்கும் கடையையும் கண்டுகொண்ட பின்னரும், பிற மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்திற்கு ஒரு கவலை எஞ்சி நிற்கும். நள்ளிரவில் குழந்தைக்குச் சுரம் கண்டால் யாரை நாடுவது என்பதே அது. டில்லிவாழ் தமிழர் இக்கவலையிலிருந்து எந்த அளவிற்கு விடுபட்டனர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 1931-இல் புது டில்லி முறைப்படி திறந்து வைக்கப்பெற்றது. அரசாங்கச் செயலகத்தில் பணிபுரிய நம்மவர் பலர் வந்து, கோல் மார்க்கெட், கரோல் பாக், லோடி காலனி முதலிய பகுதிகளில் குடியமர்ந்தனர். சொந்த ஊரில், தாத்தாவின் நாடியைப் பார்த்த வைத்தியரே பேரனின் நாடியையும் பார்த்தார். இங்கோ நோயை எடுத்துச் சொல்வதற்கே மொழி தடையாயிற்று. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்று நம் தாய்மார் பிரித்துணர்த்தும் வேதனைகளையெல்லாம் ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லில் அடக்க வேண்டியிருந்தது.

பணத் தொல்லை வேறு. 1944-ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய அரசு ஊழியர் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, செலவைத் தாமே கொடுத்து, ரசீதுகளை அலுவலகத்தில் காட்டிப் பின்னர் அத்தொகையைப் பெற வேண்டும். மாதக் கடைசியில் கையில் காசில்லாத குமாஸ்தாவிற்கு, என்றோ திரும்பி வரப்போகும் பணத்தால் அன்றைய மருந்தை வாங்க இயலுமா?

1943-இல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழுவில், சென்னையின் டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். கட்டணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவ உதவி மறுக்கப்படலாகாது என்றும், அவ்வுதவி மக்கள் வாழுமிடத்திற்கு இயன்றவரை அண்மையில் இருத்தல் வேண்டும் என்றும் அக்குழுவின் 1946-ஆம் ஆண்டு அறிக்கை வற்புறுத்தியது. பிரிட்டனில் 1948 ஜூலை 5-இல் தொடங்கிய தேசிய சுகாதாரப் பணியும், தம் வட்டார மருத்துவரிடம் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்வதையே அடிப்படையாகக் கொண்டது.

1952 பிப்ரவரி 24-இல், தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டம் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. இரு நகரங்களிலும் சேர்த்துச் சுமார் 1,20,000 தொழிலாளர் அதில் அடங்கினர். 1954-இல், ராஜகுமாரி அம்ருத் கௌர் சுகாதார அமைச்சராக இருந்தபோது, மத்திய அரசு ஊழியர்க்கான சந்தா வைத்தியத் திட்டம் டில்லியில் உதயமாயிற்று. முதலில் 16 மருந்தகங்கள். பயன் பெற்றோர் சுமார் 2,30,000 பேர். ஊதியத்திற்கேற்ற சிறு சந்தாவைச் செலுத்தினால், குடியிருப்பை அடுத்த மருந்தகத்தில் குடும்பம் முழுவதற்கும் மருத்துவரும் மருந்தும் கிடைத்தன. ஊரிலிருந்து வந்து மகனை அண்டியிருந்த பெற்றோர்க்கும் அதில் இடமுண்டு. குடும்பத்தை நன்கறிந்த வைத்தியர் என்ற பழைய உறவு, புதிய ஊரில் மீண்டும் அரும்புவதற்கு இது வழி செய்தது.

ஆயினும், இந்த வாயில் சம்பளப் பட்டியலில் பெயருடையோர்க்கே திறந்தது. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்த தமிழர் வெளியே நின்றனர். 2015-இல் பீராகடியில் முதலாவது திறக்கப்பட்ட மொஹல்லா கிளினிக்குகள், சந்தாவும் கட்டணமுமின்றி இத்தகையோர்க்கும் அண்டையில் வைத்தியம் அளிக்க முற்பட்டன. எனினும், இருக்கும் வீடே நிலையற்றதாயின் அண்டை வைத்தியர் ஏது? ஜங்புராவை அடுத்த பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-இல் இடித்து அகற்றப்பட்டது. தகுதியுடையவை எனக் கணிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. அவ்வளவு தூரம் பெயர்ந்து செல்லும் குடும்பம், தன் உடல்நிலையை அறிந்த வைத்தியரையும் விட்டே செல்ல நேர்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிகள் தலைநகரில் பல உண்டு. எனினும், சுரம் கண்ட இரவில் நமக்கு வேண்டுவது, நம்மை அறிந்த ஒருவர் அருகில் இருப்பதே. வீடு மாறும்போது பழைய மருந்துச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்துச் செல்வோம்; புதுக் குடியிருப்பின் மருந்தகத்தில் உடனே பதிவு செய்துகொள்வோம். இந்தி அறியாத அண்டை வீட்டு மூதாட்டி மருத்துவரைக் காணச் செல்லும்போது, அரை மணி நேரம் உடன் சென்று, அவருடைய உளைச்சலையும் குடைச்சலையும் எடுத்துரைப்பதும் நம்மால் இயன்ற உதவியே.