கண்ணைக் கெடுத்தது வைரஸா, உடம்பா?

காய்ச்சல் விட்டபிறகு உதட்டோரம் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருமே, அதற்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் கண்ணையும் தாக்கும். ஒருமுறை உடம்பில் புகுந்துவிட்டால் முகத்து நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும். எப்போதாவது விழித்துக்கொண்டு நரம்பு வழியே கருவிழிக்கு வந்து, மரக்கிளை போன்ற புண்ணை உண்டாக்கும்.

இது தொற்றுநோய் என்று காட்டியவர் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் குரூட்டர். 1912-ல் நோயாளியின் கருவிழிப் புண்ணிலிருந்து எடுத்ததை முயலின் கண்ணில் தடவினார். முயலுக்கும் புண் வந்தது. பிறகு முயலிடமிருந்து எடுத்து, பார்வையற்ற ஒருவரின் கண்ணிலும் தடவிப் பார்த்தார். (இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது!)

1949-ல் கார்டிசோன் வந்தது. மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்கவைத்த அதிசய மருந்து. கண் சிவந்தால் அதையே சொட்டு மருந்தாகவும் விடத் தொடங்கினார்கள். சிவப்பு உடனே அடங்கியது. ஆனால் ஹெர்பிஸ் புண் இருந்த கண்களில் புண் பரவி, சில கண்களில் கருவிழியே ஓட்டையானது. உடம்பின் காவலைத் தூங்கவைத்ததால் வைரஸ் தடையின்றிப் பெருகியதுதான் காரணம். அமெரிக்க மருத்துவர் பிலிப்ஸ் தைகசன் இதை எதிர்த்துத் தொடர்ந்து எச்சரித்தார்.

1962-ல் ஹெர்பர்ட் காஃப்மன் ஐடாக்ஸியூரிடின் சொட்டு மருந்தால் ஹெர்பிஸ் புண்ணை ஆற்றிக் காட்டினார். வைரஸ் நோய்க்கும் மருந்து உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியது அப்போதுதான். ஆனாலும் ஒரு புதிர் மிஞ்சியது. மேலே இருந்த புண் ஆறினாலும், கருவிழியின் உள்ளடுக்கு சிலருக்கு வெண்மையாகக் கலங்கிக்கொண்டே போனது.

விடை எலிகளிடம் கிடைத்தது. பிறவியிலேயே தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளுக்கு டி செல்கள் கிடையாது. 1979-ல் அவற்றின் கண்ணில் ஹெர்பிஸை ஏற்றிப் பார்த்தபோது, உள்ளடுக்கில் அந்தக் கலக்கம் வரவில்லை. 1984-ல் வேறு எலிகளின் டி செல்களை இத்தகைய எலிகளுக்குள் செலுத்தியதும் கலங்கிவிட்டது. அதாவது, கண்ணாடி போன்ற அடுக்கைக் கெடுத்தது பெரும்பாலும் வைரஸை விரட்ட வந்த படைதான்.

அப்படியானால் கார்டிசோன் வகை மருந்தை மீண்டும் தொடலாமா? அமெரிக்காவில் 106 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து. பாதிப் பேருக்கு அதோடு ஸ்டீராய்டும். ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு உள்ளடுக்கு அழற்சி நீடிக்கும் அல்லது முற்றும் ஆபத்து 68 சதவீதம் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950-களில் கண்களைக் கெடுத்த அதே வகை மருந்து, வைரஸ் தடுப்பு மருந்தின் துணையோடு, உள்ளடுக்கு நோய்க்கு மட்டும் திரும்பி வந்தது. மேற்புறப் புண்ணுக்கு இன்றும் அதை விடக்கூடாது.