சிவாஜிக்கு ஏன் கொடுக்கவில்லை?



போன ஞாயிறு ஆவடியிலிருந்து வந்திருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, சிவாஜியை அப்படிப் புகழ்றீங்களே, அவருக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது ஒரு தடவைகூட ஏன் கிடைக்கல?" "எல்லாம் அரசியல்டா" என்று வாய்வரை வந்துவிட்டது. வரலாறு நடத்தியவன் அப்படித் தப்பிக்கலாமா? வருடங்களை எழுதிப் பார்த்தேன்.

தேசிய விருது 1954இல் தொடங்கியது. முதல் தங்கப் பதக்கம் 'ஷ்யாம்ச்சி ஆயி' என்ற மராத்திப் படத்துக்கு. அன்று விருது படத்துக்குத்தான். நடிகருக்கு என்று தனியாகக் கிடையாது. 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் நடிகர், நடிகை, இசையமைப்பாளர் விருதுகள் வந்தன. வங்க நடிகர் உத்தம் குமார் முதல் சிறந்த நடிகர். இசைக்கு நம் கே.வி. மகாதேவன், 'கந்தன் கருணை'க்காக.

இப்போது கணக்குப் போடுங்கள். பராசக்தி 1952, கட்டபொம்மன் 1959, பாசமலர் 1961, கர்ணன் 1964, திருவிளையாடல் 1965. எல்லாம் அந்த விருது பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டன! கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோ விழாவில் அவரைச் சிறந்த நடிகர் என்றார்கள். இங்கே கொடுக்க அப்படி ஒரு விருதே இல்லை.

விருது வந்த பிறகு? 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' சிறந்த தமிழ்ப் படமானது. சிறந்த நடிகர் இந்தியின் அசோக் குமார். 1971ஆம் ஆண்டுக்கு 'ரிக்‌ஷாக்காரன்' எம்.ஜி.ஆர்.; அந்த வாதத்தை நம் டீக்கடைகள் இன்னும் முடிக்கவில்லை. 1992இன் 'தேவர் மகன்' படத்துக்குத்தான் சிவாஜிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவித்தார்கள். ஆக, அரசியல் இல்லவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பாதி பதில் விதியிலேயே இருக்கிறது.

இன்றைய விதி என்ன? அந்த ஆண்டில் தணிக்கைச் சான்று பெற்ற படமாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும்; விண்ணப்பிக்காத படம், எவ்வளவு நல்ல படமானாலும், போட்டியிலேயே இல்லை. முதலில் ஐந்து மண்டலக் குழுக்கள் பார்க்கின்றன. அவை பரிந்துரைப்பவற்றிலிருந்து மத்தியக் குழு முடிவு செய்கிறது. குழுவை அமைப்பது அரசு. கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவுதான் அது.

ஆஸ்கர் வேறு மாதிரி. அங்கே நடிகர்கள் நடிகர்களை முன்மொழிவார்கள், ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களை. பிறகு பத்தாயிரம் பேர் அளவிலான உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். ஆனால் வெளிநாட்டுப் படப் பிரிவில் ஒரு நாடு தன் சார்பில் ஒரே படத்தைத்தான் அனுப்பலாம். நம் படத்தைத் தேர்வதும் சிறு குழுதான். 2024இல் 13 பேர் குழு தேர்ந்த 'லாபதா லேடீஸ்' படத்தைச் சென்னையில்தான் அறிவித்தார்கள். தமிழிலிருந்து அப்படி முதலில் போன படம் எது தெரியுமா? 'தெய்வமகன்'. மூன்று வேடத்தில் அதே சிவாஜி!

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது.

பல வருடம் முன்பு, பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டி. நடுவர் மூன்று பேரில் நானும் ஒருவன். ஒரு பையன் கட்டபொம்மனாக வந்து வசனம் பேசினான். கூட்டம் மூச்சு விடவில்லை. ஆனால் மதிப்பெண் தாளில் உடைக்குப் பத்து மதிப்பெண். அவன் கட்டியிருந்தது அம்மாவின் பழைய புடவை. வாடகை உடையில் வந்தவன் இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கிப் பரிசு பெற்றான். பிறகு அவன் என்னிடம் வந்து, "சார், நான் நல்லா நடிக்கலையா?" என்று கேட்டான். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தம்பி, நீ இதைப் படித்தால்: நீதான் நன்றாக நடித்தாய். தாளில் அதற்குச் சரியான கட்டம் இல்லை. அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

மற்றவர்களும் பரிசுப் பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லையே என்று வருந்தும்போது, முதலில் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், அம்பத்தூர்