பேஸ் கிட்டார் (பழங்கருவிகள்)

பேஸ் கிட்டார் தாழ்சுரங்களுக்கான மின் இசைக்கருவி. பொதுவாக நான்கு தந்திகள் கொண்டது. லியோ ஃபெண்டர் 1951இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' இதைப் பரவலாக்கியது. வீணையின் மெட்டுகள்போல் இதில் ஃபிரெட்கள் உண்டு. அதனால் சுரம் பிசகாது என்பதே 'பிரிசிஷன்' (துல்லியம்) என்ற பெயருக்குக் காரணம். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். ஃபெண்டரின் 'ஜாஸ் பேஸ்' 1960இல் வந்தது.

இயல்புகள்: பழங்கருவிகளின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு நாளடைவில் மெல்லிய கோடுகளாக வெடிக்கும், கைபட்ட இடம் தேய்ந்து மரம் தெரியும். சேகரிப்போர் விரும்புவது இந்தத் தழும்புகளையும்தான். ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பகுதி) இரையும். மெல்லிய தந்தியில் ஐந்தாம், ஏழாம் ஃபிரெட்களை ஒட்டிச் சில சுரங்கள் சட்டென அடங்கிவிடும். கழுத்துக்குள் உள்ள இரும்புக் கம்பியைத் திருக, பல கருவிகளில் கழுத்தையே கழற்ற வேண்டும். ஈரக்காற்றில் கழுத்து வளையும், தந்தி துருப்பிடிக்கும்.

தமிழ்த் திரையிசை: 'அன்னக்கிளி' (1976) மூலம் அறிமுகமான இளையராஜா, பேஸைத் தாளத் துணையாக மட்டும் நிறுத்தாமல், பாட்டோடு உரையாடும் தனி மெட்டாக எழுதினார். அவற்றை வாசித்தவர்களில் சசிதரன் குறிப்பிடத்தக்கவர். ஏ. ஆர். ரகுமான் இசையில் கீத் பீட்டர்ஸ் பேஸ் வாசித்துப் புகழ்பெற்றார்.