அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் மிதிவண்டி வைப்பு

அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் மிதிவண்டி வைப்பு என்பது, பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தின் பொதுப் படிக்கட்டிலோ, படிகள் திரும்பும் சமதளத்திலோ, படிக்கட்டின் அடியிலுள்ள வெற்றிடத்திலோ குடியிருப்போர் தம் மிதிவண்டிகளை நிறுத்தி வைக்கும் வழக்கத்தைக் குறிக்கும். மேல்தளங்களில் வாழ்வோருக்குத் தீ விபத்தின்போது படிக்கட்டே வெளியேறும் வழி ஆகும். ஆகையால் இவ்வழக்கம் பல நாடுகளில் தீப் பாதுகாப்பு விதிகளால் தடை செய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ உள்ளது. சிங்கப்பூரின் பொது வீடமைப்பு இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

மிதிவண்டியைத் தரைத்தளத்தில் விட்டால் திருட்டுக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டும். வீட்டினுள் கொண்டு சென்றால் இடம் போதாது, ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும், கைப்பிடியில் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு வண்டி சிறிய வீட்டின் கூடத்தில் ஒரு கட்டிலின் இடத்தைப் பிடிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே, கதவைத் திறந்தால் கண்ணில் படும் தொலைவில், யாருக்கும் தனியுரிமை இல்லாத இடமாகப் படிக்கட்டுத் தளம் அமைந்துள்ளது. வண்டியை அங்கே வைப்பவர் பெரும்பாலும் பிறருக்கு இடையூறு செய்யும் எண்ணத்துடன் வைப்பதில்லை. ஒரு வண்டி உண்மையில் அதிக இடையூறு தருவதும் இல்லை. ஒன்று நிற்பதைக் கண்டு அடுத்த வீட்டார் இன்னொன்றை வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960-இல் தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டில் வசிப்போரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அது கட்டிய வீடுகளில் வாழ்கின்றனர். பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி முன்பு எல்லாத் தளங்களிலும் நிற்கவில்லை. சில தளங்களுக்கு ஒருமுறையே நின்றது. இடைப்பட்ட தளங்களில் வாழ்ந்தோர் மின்தூக்கியிலிருந்து இறங்கி மிதிவண்டியைப் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

தடையும் புகையும்

சாதாரண மிதிவண்டியின் பெரும்பகுதி உலோகம். அது எளிதில் தீப்பற்றாது. எனவே "இரும்பு எரியுமா?" என்று கேட்பவர் உண்டு. ஆனால் இங்கு முதன்மையான இடர் எரிதல் அன்று, வழி குறுகுதல் ஆகும். ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் சுவரோரம் சார்த்திய ஒரு வண்டி, கைப்பிடியும் மிதியும் நீட்டிக்கொண்டிருக்க, பாதி அகலத்தையே எடுத்துக்கொள்ளக்கூடும். பகலில் ஒதுங்கிச் செல்லலாம். புகை சூழ்ந்து விளக்கும் அணைந்த நிலையில் சுவரைத் தடவியபடி இறங்குபவரின் கையும் ஆடையும் முதலில் சிக்குவது அந்த வண்டியில்தான். அது சரிந்தால், பின்னால் வருவோர் அனைவருக்கும் வழி அடைபடும். முதியோரும், குழந்தையைத் தூக்கி வருவோரும் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவர்.

அதே நேரத்தில் தீயணைப்பு வீரர்கள் மூச்சுக்கருவியும் நீர்க்குழாயும் சுமந்து எதிர்த்திசையில் ஏறுவர். உயரமான கட்டடங்களில் படிக்கட்டின் அருகே, கீழே தீயணைப்பு வண்டியிலிருந்து செலுத்தும் நீரை மேல்தளங்களுக்குக் கொண்டுசெல்லும் நிலைக்குழாய் அமைந்திருக்கும். பூட்டுவதற்கு உறுதியான கம்பி தேடுவோர் இக்குழாயிலேயே மிதிவண்டியைச் சங்கிலியால் பிணைப்பதும் உண்டு. நீர்த்திறப்பை அணுக முடியாதபடி இது செய்துவிடும்.

மூடிய படிக்கட்டு, சூடான புகை மேலெழுவதால் புகைபோக்கி போலச் செயற்படும். அதைத் தடுக்கவே தானே மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவுகள் பொருத்தப்படுகின்றன. வண்டியைச் சாய்த்து அக்கதவைத் திறந்தபடி நிறுத்திவைத்தால் அதன் பயன் அற்றுப்போகும். வீவக புளோக்குகளின் படிக்கட்டுகள் பல வெளிக்காற்றுப் படும்படி திறந்திருப்பதால் அங்குப் புகை தேங்குவது குறைவு. வழித்தடை என்ற சிக்கல் மட்டும் அவற்றிலும் அப்படியே உள்ளது.

மின் மிதிவண்டிகள்

லித்தியம் அயனி மின்கலம் கொண்ட வண்டிகள் பரவியபின் நிலைமை மாறியது. மின்கலத்தின் ஓர் அறை பழுதுற்றுச் சூடேறினால், அவ்வெப்பம் அடுத்த அறையையும் தூண்டி, நிறுத்த முடியாத தொடர்வினை ஏற்படும். எரியக்கூடிய நச்சு வளிமங்கள் வெளிவந்து, மிகக் குறுகிய நேரத்தில் தீ முழு அளவை எட்டும். அணைத்தபின் மீண்டும் பற்றுவதும் உண்டு. இத்தகைய வண்டி வெளியேறும் வழியில் நின்றால், தடையாக இருந்த பொருளே தீயின் மூலமும் ஆகிவிடுகிறது.

சிங்கப்பூரில் 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கிலுள்ள வீடொன்றில் தனிநபர் நடமாட்டச் சாதனங்களுடன் தொடர்புடைய தீயில் ஒருவர் இறந்தார். 2021 ஜூன் 3 அன்று உட்லண்ட்ஸ் வட்டாரத்தில், மின்தூக்கிக்குள் மின் மிதிவண்டி தீப்பற்றியதில் அதனுடன் சென்ற 20 வயது இளைஞர் உயிரிழந்தார். யூஎல் 2272 என்னும் தீப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்படாத மின் ஸ்கூட்டர்களைப் பொதுப் பாதைகளில் ஓட்டுவது 2020 ஜூலை 1 முதல் அங்குத் தடைசெய்யப்பட்டது. மின் மிதிவண்டிகளுக்கு ஈஎன் 15194 என்ற ஐரோப்பியத் தரம் வலியுறுத்தப்படுகிறது. தரச்சான்று பெற்ற வண்டியிலும் மின்கலத்தை மாற்றியமைத்தால் அந்தச் சான்று பொருளற்றதாகிவிடும்.

சிங்கப்பூர் விதிகள்

வீவக புளோக்குகளின் பொது இடங்களை நகர மன்றங்கள் பராமரிக்கின்றன. சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையின் வழிகாட்டலின்படி, வீடுகளுக்கு முன்னுள்ள பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும். படிக்கட்டிலும் அதன் சமதளங்களிலும் எப்பொருளையும் வைத்தல் கூடாது. இதன்படி, அகன்ற தாழ்வாரத்தில் சுவரோரம் நிற்கும் ஒரு மிதிவண்டி ஏற்கப்படலாம். அதே வண்டி சில அடி தள்ளிப் படிக்கட்டுத் தளத்தில் நின்றால் ஏற்கப்படாது. குடியிருப்போர் பலர் இவ்வேறுபாட்டை அறியாததால் அண்டை வீட்டாரிடையே பூசல் எழுகிறது.

விதியை மீறி வைத்த பொருளுக்கு நகர மன்றம் முதலில் அறிவிப்பு ஒட்டும். பின்னும் எடுக்காவிடில் அகற்றும். புளோக்கின் கீழ்த்தளத்தில் மிதிவண்டி நிறுத்தச் சட்டங்களும் அமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் கைவிடப்பட்டுத் துருப்பிடித்த வண்டிகள் இவற்றில் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. நாள்தோறும் ஓட்டுபவர் வண்டியை மீண்டும் மேலே கொண்டுசெல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற நாடுகள்

இங்கிலாந்தில் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தீப் பாதுகாப்பு ஆணை, அடுக்குமாடிகளின் பொதுப் பகுதிகளையும் உள்ளடக்கியது. 2011-இல் வெளியான உள்ளாட்சிச் சங்க வழிகாட்டி இரு அணுகுமுறைகளைக் கூறியது: எதையும் அனுமதிக்காமை ஒன்று, இடர் குறைந்த சிலவற்றை மட்டும் கட்டுப்பாட்டுடன் அனுமதித்தல் மற்றொன்று.

செருமனியில் குழந்தை வண்டி குறித்து 2006 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அதைச் சார்ந்து வாழும் வாடகைதாரர், இடத்தின் அளவு இடங்கொடுத்தால், கட்டடத்தின் நுழைவுக் கூடத்தில் அதை வைக்கலாம் என்பது அதன் சாரம். மிதிவண்டிக்கு இச்சலுகை தானாக நீளவில்லை. அந்நாட்டின் மாதிரிக் கட்டட விதி, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களில் மிதிவண்டிகளுக்கும் குழந்தை வண்டிகளுக்கும் எளிதில் அடையத்தக்க வைப்பறை அமைக்கக் கோருகிறது.

நெதர்லாந்தில் புதிய வீடுகளுக்கு வைப்பறை கட்டும் கடமை 2003-ஆம் ஆண்டின் கட்டட விதியில் நீக்கப்பட்டது. மிதிவண்டி மிகுந்த அந்நாட்டில் அந்நீக்கம் நீடிக்கவில்லை. 2012-ஆம் ஆண்டின் விதியில், 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் குறைந்த அளவாகக் கொண்டு, அக்கடமை மீண்டும் சேர்க்கப்பட்டது.