சாக்கடையைச் சாப்பிடும் கெண்டைகள்

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் எல்லோரிடமும் ஒரு மீன் கதை இருக்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும் சீரில், முழு ரோகு மீனுக்குப் புடவை சுற்றி அலங்கரித்து அனுப்புவார்கள். என்னைப் போன்ற சைவக்காரனுக்கு முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் பகீரென்றுதான் இருக்கும்! ஆனால் இந்த ரோகு, கட்லா, மிருகால் கெண்டைகள் இந்த ஊருக்குச் செய்யும் இன்னொரு வேலை, மீன் தின்னாத எனக்கும் சேர்த்துத்தான்.

கொல்கத்தாவின் தரை ஹூக்ளிக் கரையில் மேடு, கிழக்கே சரிவு. அதனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே சாக்கடையைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே உப்பங்கழிகள். வித்யாதரி ஆற்றின் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு வண்டல் சேர்ந்து தூர்ந்துபோய், 1928-ல் செத்த ஆறு என்றே அறிவித்துவிட்டார்கள். உப்புத்தண்ணீர் வரத்து நின்றது, உப்புநீர் மீனும் போயிற்று. குத்தகைக்காரர்களுக்குப் பெரிய அடி. 1930-ஐ ஒட்டிய வருடங்களில், பக்கத்தில் ஓடிய சாக்கடைத் தண்ணீரையே அளவாகக் குளத்தில் விட்டு நன்னீர்க் கெண்டை வளர்க்கத் தொடங்கினார்கள். இந்தக் குளங்களுக்கு வங்காளத்தில் 'பேரி' என்று பெயர்.

விஷயம் இதுதான். பேரி ஆழம் குறைந்தது, வெயில் அடிவரை போகும். கழிவை பாக்டீரியா சிதைக்கிறது. அதில் வரும் சத்தில் பாசி வளர்கிறது. பாசி வெயிலில் ஆக்சிஜனை விட, தண்ணீர் தெளிகிறது. பாசி அளவுக்கு மீறினால் தண்ணீர் கெட்டுவிடும். அங்கேதான் மீன் வருகிறது. மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிருகால் என்று பாகம் பிரித்துக்கொண்டு பாசியையும் நுண்ணுயிர்களையும் மேய்கின்றன. கரை அரிக்காமல் இருக்க ஓரத்தில் ஆகாயத்தாமரை. வெளியேறும் தண்ணீர் நெல் வயலுக்கு!

இதைப் படிப்பறிவு உலகத்துக்குச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர். 1980-களில் நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று தேடிப் போனவர், இந்த மீனவர்களிடம் பாடம் கேட்டு, அதைக் காப்பாற்றவே 2018-ல் சாகும்வரை போராடினார்.

போராட்டம் எதற்கு? நிலத்துக்குத்தான். 1960-களில் ஹூக்ளி வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து ஏரிகளைத் தூர்த்துத்தான் சால்ட் லேக் நகரமே எழுந்தது. மிச்சமிருந்ததையும் தொடப் போனபோது ஒரு பொதுநல அமைப்பு வழக்குப் போட, 1992-ல் கல்கத்தா உயர்நீதிமன்றம் நில உபயோகத்தை மாற்றத் தடை விதித்தது. 2002-ல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006-ல் தனிச் சட்டமும் வந்தது. இருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக மண் கொட்டுவது நிற்கவில்லை.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. ஓர் ஏக்கர் பேரியில் வரும் மீன் வருமானத்தை ஓர் ஏக்கர் அபார்ட்மெண்டோடு ஒப்பிட்டால் மீன் தோற்கும். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆகும் முதலீடு, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் மிச்சமாகிறதே, அதை யார் பேரேட்டில் வரவு வைப்பது? பேரிக்காரருக்கு அதற்குக் காசு வருவதில்லை. அதனால் விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தோல் பதனிடும் கழிவு போன்றவை சாக்கடையில் கலந்தால் மீனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதைத் தடுக்க வேண்டியது அரசாங்கம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பள்ளிக்கரணையும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சுருங்கிப்போன பிறகுதான். பட்டியலில் பேர் வந்தால் போதாது என்பதற்கு கொல்கத்தாவே சாட்சி. இந்தப் பக்கம் வந்தால் சயன்ஸ் சிட்டியோடு திரும்பிவிடாதீர்கள். கிழக்கே பாசந்தி சாலையில் கொஞ்ச தூரம் போனால் போதும், இரண்டு பக்கமும் பேரிகள்தான்.