பழைய கடைசல் பொறிக்கு எந்த எண்ணெய்?



பட்டறைகளில் 'லேத்' என்று வழங்கும் கடைசல் பொறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரும்புத் துண்டு ஒன்று பொறியின் பிடியில் இறுகிச் சுழலும். அசையாமல் நிறுத்தப்பட்ட கூரிய உளி அதனைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளும். ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த அத்தகைய பொறிக்கு எந்த எண்ணெய் இடுவது என்பது மிகச் சிறிய கேள்வி போலத் தோன்றும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தால் ஒரு மாணவனுக்கு அநீதி இழைத்தேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் தொழிற்பிரிவும் நடந்து வந்தது. அதன் பட்டறையிலே பழைய கடைசல் பொறி ஒன்று இருந்தது. அதன் சுழல்தண்டு வெண்கலத் தாங்கிகளில் ஓடுவது. ஒரு நாள் வேலையின் நடுவே தண்டு சூடேறி இறுகி நின்றுவிட்டது. அன்று எண்ணெய் இடும் முறை ஒரு மாணவனுடையது. "இட்டேன் ஐயா, நிறையவே இட்டேன்" என்று அவன் கூறியதை நான் நம்பவில்லை. வகுப்பார் முன்னிலையில் கடிந்துகொண்டேன். பிறகு பொறியைப் பிரிக்க வந்த முதிய மிஸ்திரி ஒருவர், என்னை அருகே அழைத்து எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டினார். கிண்ணம் நிறைந்திருந்தது, தாங்கியோ காய்ந்து கிடந்தது. லாரியின் பற்சக்கரப் பெட்டிக்குரிய கெட்டியான எண்ணெய் அது. கெட்டியாக இருப்பதே உயர்ந்தது என்று நினைத்து, அதனை வாங்க ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவன் நான்தான்.

கிண்ணம் நிறைந்திருக்கத் தாங்கி காய்வானேன்? இவ்வினாவிற்கு விடை காண மனிதர்க்கு நெடுங்காலம் பிடித்தது.

மரத்தைக் கடைந்த பண்டைக் கைவினைஞர்க்கு எண்ணெயைப் பற்றிய கவலை அதிகமில்லை. ஆங்கிலேயரான ஹென்றி மாட்ஸ்லி, 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில், முழுவதும் உலோகத்தால் ஆன திருகு வெட்டும் கடைசல் பொறியை அமைத்தார். அதன் பின்னரே உலோகத்தின்மேல் உலோகம் நுட்பமாக நழுவ வேண்டிய தேவை பெருகிற்று. அந்நாளில் இருந்தவை யாவை? கால்நடைக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பெண்ணெய், ஒலிவ எண்ணெய், திமிங்கில எண்ணெய் ஆகியவை. நம் நாட்டு மாட்டுவண்டியின் அச்சுக்கு, ஆமணக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்த வண்டிமை போதுமானதாக இருந்தது. மெல்ல உருளும் சக்கரத்திற்கு அது தக்கதே. விரைந்து சுழலும் தண்டிற்கு அது ஆகாது.

கொழுப்பு வகைகள் நாட்பட்டால் புளித்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். தாவர எண்ணெய்களிற் பல காற்றுப்பட்டுப் பிசினாக இறுகும். வீட்டிலே தையல் இயந்திரத்திற்குச் சமையல் எண்ணெய் விட்டு, நாட்படச் சக்கரம் அசைய மறுப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இக்குறைகள் மிகக் குறைவாக இருந்தமையால், விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெய் நூற்பாலைக் கதிர்களுக்கும் கடிகாரங்களுக்கும் விரும்பப்பட்டது. அவ்விருப்பத்தால் அவ்வுயிரினம் பட்ட பாடு தனிக்கதை. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் மண்ணெய் கிடைத்தது. முதலில் விளக்கெரிக்கும் பகுதியையே எல்லாரும் நாடினர். எஞ்சிய கனத்த பகுதியிலிருந்து புளிக்காத, எளிதில் பிசினாகாத உயவு எண்ணெயைப் பிரித்தெடுக்கலாம் என்பது விரைவில் தெளிவாயிற்று.

எனினும் எந்த எண்ணெய் எதற்கு என்பது அப்போதும் கைப்பழக்கமாகவே இருந்தது. விரல்களிடையே தேய்த்துப் பார்த்து முடிவு செய்தனர். அறிவு பிறந்தது ஒரு சிறு தொல்லையிலிருந்து. 1883-ஐ ஒட்டி, பீச்சாம்ப் டவர் என்னும் பொறியாளர் இங்கிலாந்தில் இருப்புப்பாதை வண்டிகளின் அச்சுத் தாங்கி போன்ற அமைப்பில் சோதனை செய்துகொண்டிருந்தார். தாங்கி தண்டின்மேல் அமர்ந்து சுமையை அழுத்தும்; தண்டின் கீழ்ப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழலும். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளை இட்டார். பொறி ஓடியதும், அத்துளை வழியே எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக மேலே பொங்கி வழிந்தது! தக்கை வைத்து அடைத்தார்; தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார்; அதுவும் மெல்ல மெல்ல வெளியேறியது. அங்கே அழுத்தமானியைப் பொருத்தியபோது, சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய முள், தன் எல்லையையும் கடந்து ஓடிற்று. தாங்கி சுமந்த சராசரிப் பளுவோ சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அளவே. வேறொருவராயின் முளையை இன்னும் வலுவாக அடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். டவர் அவ்வாறு செய்யவில்லை.

இதன் காரணத்தை மான்செஸ்டரில் பேராசிரியராக விளங்கிய ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கணித வழியே விளக்கினார். சுழலும் தண்டு, தன்மேல் ஒட்டிய எண்ணெயை ஆப்பு வடிவில் குறுகிச் செல்லும் இடுக்கிற்குள் இழுக்கிறது. குறுகிய இடத்தில் நெருக்குண்ட எண்ணெய் பெரும் அழுத்தம் பெற்று, தண்டையும் தாங்கியையும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்துவிடுகிறது. உலோகம் உலோகத்தின்மேல் ஓடவில்லை. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது! அப்படலம் நிலைப்பது மூன்றினைப் பொறுத்தது: எண்ணெயின் பாகுநிலை, சுழலும் வேகம், சுமையின் அளவு. விரைவாகச் சுழல்வதற்கு மெல்லிய எண்ணெயே போதும். அங்கே கெட்டியானதை இட்டால், எண்ணெயின் உள்ளுராய்வே வெப்பத்தை உண்டாக்கும். எங்கள் பொறியில் அதனினும் கொடியது நிகழ்ந்தது. கிண்ணத்திலிருந்து கம்பளித் திரியொன்று எண்ணெயை உறிஞ்சி ஊட்ட வேண்டும். விளக்குத் திரி போன்றதே அது. அக்கெட்டி எண்ணெய் திரியில் ஏறவே இல்லை.

ஆகவே பழைய பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே நோக்க வேண்டும். பொறியைச் செய்தவர் தகடு பதித்தோ கையேடு தந்தோ இருப்பின் அதுவே முதற்சான்று. இக்காலத்தில் எண்ணெய்கள் உலகத் தர நிறுவனம் 1975-இல் வகுத்த எண்களால் குறிக்கப்படுகின்றன. 40 பாகை செல்சியசில், அதாவது நம் சித்திரை மாதப் பிற்பகல் வெப்பத்தில், அளந்த பாகுநிலையே அவ்வெண். விரைந்து சுழலும் தண்டுகளிற் பலவற்றிற்கு 32 அல்லது அதனினும் மெல்லியது ஏற்கும்; மெல்லச் சுழலும் பெரிய தண்டிற்கு 68 வரை செல்லலாம். மோட்டார் எண்ணெயில் காணும் 30 என்னும் எண்ணை இந்த 32-உடன் குழப்பிக்கொள்ளல் ஆகாது. அது வேறு அளவுமுறை; அந்த 30 இங்கே ஏறத்தாழ 100-க்குச் சமம்.

உளி தாங்கும் பகுதி நகர்ந்து செல்லும் சறுக்குத் தடங்களின் நிலை வேறு. அங்கே வேகம் மிகக் குறைவு. ரெனால்ட்ஸ் கூறிய படலம் எளிதில் எழாது. எனவே உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும் பசைத்தன்மையுள்ள 68-ஆம் எண் தட எண்ணெய் வேண்டும். இயந்திர வண்டிகளின் எஞ்சின் எண்ணெயை இடுவோரும் உளர். அதிலே கலந்துள்ள கழுவுபொருள், அழுக்கைப் படியவிடாமல் மிதக்க வைக்கும். வடிகட்டி உள்ள எஞ்சினில் அது நன்மை. வடிகட்டி இல்லாத பழைய பொறியில் உலோகத் தூள் அடியில் படிவதே நலம். பற்சக்கர எண்ணெய்களிற் சிலவற்றில் சேரும் கந்தகப் பொருளோ வெண்கலத்தைக் கருக்கி அரிக்கவல்லது. எங்கள் தாங்கிகளின் நிறம் மங்கியிருந்ததையும் அந்த மிஸ்திரி சுட்டிக்காட்டினார்.

தாங்கிகளை மாற்றிப் பொறியைச் சீராக்கச் சில வாரங்கள் ஆயின. அதற்கு முன்பே, காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அம்மாணவன் கூறியது உண்மை என்பதையும் பிழை என்னுடையது என்பதையும் சொல்லிவிட்டேன். பொறி மீண்டும் ஓடிய நாளில், 32-ஆம் எண் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றியவன் அவனே. ஊற்றிய மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் வெளியே குறித்து வைத்தான். மாலை மணி அடிக்கும்போது எண்ணெய் அக்கோட்டிற்குக் கீழே அரை விரற்கடை இறங்கியிருந்தது. தாங்கியைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான்.